குளிக்கிறவங்களுக்கு மட்டும்

கரையை நெருங்கிய சின்னப் படகைப் பார்த்ததும் கடற்கரைக் காவலர் விசிலை ஊதினார்.

“படகு இங்கே ஒதுங்கக் கூடாது! ரெண்டு கொடிக்கும் நடுவுல குளிக்கிறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி.”

“நேத்துகூட இங்கேதானே ஆள் இறக்கினேன்?” என்றார் படகுக்காரர்.

“கொடி இன்னைக்குக் காலையிலதான் நட்டது.”

“குளிக்க ஒரு ஈ காக்காகூட இல்லையே, சார்!”

“வருவாங்க. சட்டம்னா சட்டம்.”

“அப்ப இந்தம்மாவை எங்கே இறக்குறது?”

“துறைமுகத்துல. அதுக்கு இன்னைக்கு லீவு. பேசாம வந்த வழியே கூட்டிட்டுப் போயிடுங்க.”

படகில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். தொபுக்கென்று கடலில் குதித்து, நிதானமாக நீந்திக் கரையேறினார்.

காவலர் வாயிலிருந்த விசில் மணலில் விழுந்தது.

“ஒரு வாரம் இருந்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன், மாப்பிள்ளை,” என்றார் அம்மாள், தலைமுடியைப் பிழிந்தபடி. “நான் குளிக்கிறதுக்குன்னே இடம் ஒதுக்கி வச்சிருக்கீங்க. மூணு மாசம் இருந்துட்டே போறேன்.”

காவலர் குனிந்து மணலில் கிடந்த விசிலை எடுத்தார்.

“பெட்டி படகுல இருக்கு. படகுதான் கரைக்கு வரக் கூடாதாமே? நீங்களே நீந்திப் போய் எடுத்துட்டு வந்துடுங்க.”