தளபதி சொன்ன பிறகும்

கார்குழலி போனில் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள். உள்ளே கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த மாமனார் காதில் நன்றாக விழட்டும் என்றுதான்.

ஜப்பான் அனிமே, தமிழில் பேசியது. விண்கலம் ஒன்று உடைந்து, ஒரு வீரன் வெளியே தன்னந்தனியாக மிதந்துகொண்டிருக்கிறான். அவனைத் தேடிப் போன பெண்ணுக்குத் தளபதியின் ஆணை வருகிறது. தேடியது போதும், உடனே திரும்பு.

அவள் ஒரு நொடி யோசிக்கிறாள். வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டுத் தன் கலத்தை இருட்டுக்குள் இன்னும் உள்ளே விடுகிறாள்.

கார்குழலி தினமும் போட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

போன் அவள் புருஷன் வேம்புவுடையது. முப்பது வயசில் பொம்மைப்படம் பார்க்கிற ஆம்பளையை இந்த வைத்திக்குப்பத்திலேயே தான் ஒருத்திதான் கட்டிக்கொண்டதாக அவனைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தி, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன்தான். எட்டு மாதமாகிறது.

ஆள் கரை சேரவில்லை என்றதும் குப்பத்திலிருந்து பதினோரு போட்டுகள் தேடிப் போயின. இரண்டாம் நாள் புயல்காற்று கிளம்பியது. ஊர்த்தலைவர் வயர்லெஸ்ஸில் எல்லோரையும் திரும்பச் சொல்லிவிட்டார். தலைவர் பேச்சைக் கடலில் மீறினவனுக்கு ஊரில் ஒருத்தரும் முகம் கொடுக்க மாட்டார்கள். பதினோரு போட்டும் திரும்பின.

பதினொன்றில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், படத்தில் வரும் இந்தப் பெண்ணைப் போல இருந்திருந்தால் என்று அவள் ஏங்காத நேரமில்லை.

அந்தத் தலைவர்தான் உள்ளே வலை பின்னுகிற பக்கிரி. வேம்புவைப் பெற்ற அப்பா.

அன்றிலிருந்து அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள்; பேச்சு மட்டும் கிடையாது. அவள் பேசாததையெல்லாம் மத்தியானத்தில் இந்தப் படம் பேசும்.

இன்று வலையை வைத்துவிட்டுப் பக்கிரி எழுந்து வந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தால் எட்டு மாதக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

"அந்தப் பொண்ணு பேச்ச கேக்காம போற எடத்த இன்னொரு வாட்டி போடும்மா," என்றார்.

போட்டாள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, முழுசாகப் பார்த்தார்.

"அன்னிக்கிக் கரையில நின்னு வந்த போட்டெல்லாம் எண்ணினேன். பதினொண்ணும் இருந்துச்சி. ஒருத்தனாச்சும் எம் பேச்ச மீறியிருப்பான்னு மறுபடியும் மறுபடியும் எண்ணினேம்மா."