பனியன் கம்பெனியில் பனிச்சறுக்கு

“முட்டிய மடக்கு ஒச்சு! ஒடம்பு முன்னாடி சாயணும். பின்னாடி சாஞ்சா ஸ்கீ உன்னய விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும்!”

அப்பாவின் அதட்டலுக்கு ஆறு வயது ஒச்சம்மாள் முட்டியை மடக்கினாள். கம்பெனியின் பின்பக்கம், லாரியில் சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய சிமெண்டுச் சரிவில் தார்ப்பாய் விரித்து சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தது. அவள் காலில் இருந்தவை, பிவிசி குழாயைப் பிளந்து, முனையைச் சூடு காட்டி வளைத்து, அப்பா வீரணன் தன் கையால் செய்த ஸ்கீ என்ற சறுக்குப் பட்டைகள். சர்ரென்று இறங்கி, கீழே கிடந்த வேஸ்ட் துணி மூட்டையில் மோதி நின்றாள். எட்டு வயது அண்ணன் அருண்பாண்டி அடுத்துத் தயாராக இருந்தான்.

வீரணன் அந்தக் கம்பெனியின் வாட்ச்மேன். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, காஷ்மீரில் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டவர். பென்ஷனோடு அந்தப் பித்தையும் திருப்பூருக்குக் கொண்டு வந்துவிட்டார். பனியைத்தான் கொண்டுவர முடியவில்லை.

நேற்றுதான் மேனேஜர் மோகன்ராஜ் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “வீரணண்ணா, வர்ற வாரம் வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுங்க. ஆளு சொல்லாமக் கொள்ளாம வருவாரு. சின்னப் பசங்கள வேலைக்கு வெச்சிருக்கறமான்னுதான் மொதல்ல பாப்பாங்க. கேட்டுக்குள்ள ஒரு கொழந்த தட்டுப்பட்டாலும் ஆர்டர் போச்சு. அப்பறம் உங்களையும் என்னையும் ஆராலும் காப்பாத்த முடியாதுங்க.”

வருகிற வாரம் திங்கட்கிழமைதான் தொடங்குகிறது, இன்று ஞாயிறுதானே என்று வீரணன் தைரியமாக இருந்தார்.

“ஏனுங்க, உள்ள வரலாங்களா?”

திரும்பினார். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். சாத்தியிருந்த கேட்டைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தார் அந்த மனிதர். ஆடிட்டுக்காரர் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார் என்று வீரணன் நினைத்தார். எல்லையில் காவல் நின்ற நாட்களில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

“சார்... ரெண்டும் நம்ம பிள்ளைகதேன். எனக்கு டிபன் குடுக்க வந்தாக. இந்தா கெளம்பிட்டாக.”

டிபன் கொடுக்க வந்த பிள்ளை, காலில் மூன்றடிக் குழாயோடு நின்றது.

“இருக்கட்டுங்க.” வந்தவர் சரிவை மேலும் கீழும் பார்த்தார். தார்ப்பாயை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒச்சம்மாளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “கண்ணு, உனக்கு எத்தன வயசு?”

“ஆறு.”

“தெனமும் வருவீங்களா?”

“ஞாயித்துக்கெழம மட்டுந்தேன். ஆறு மணிக்கு வந்துரணும். லேட்டா வந்தா அப்பா நாலு தடவ சும்மாவே ஏறி எறங்கச் சொல்லும்.”

வந்தவர் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். வீரணன் மகளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் கேள்வி கேட்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன மணி நேரங்கண்ணு?”

“மூணு,” என்றான் அருண்பாண்டி.

“நடுவுல ரெஸ்ட் உடுவாங்களா?”

“ஒரு தேங்கா பன்னு திங்கிற வரைக்கும்.”

“கீழ உழுந்துட்டா?”

“நாமளாத்தேன் எந்திரிக்கணும். அழுதா அந்தத் தடவ செல்லாது. மறுபடி மேல இருந்து வரணும்.”

“அடிகிடி பட்டிருக்குதா?”

அருண்பாண்டி முழங்கையைத் திருப்பிப் பெருமையாகக் காட்டினான். தன்னிடம் இரண்டு இருப்பதாகச் சொல்லி ஒச்சம்மாள் பேண்ட்டைச் சுருட்டினாள். வந்தவர் மூன்று காயத்தையும் குறித்துக்கொண்டார்.

“வேற எத்தன பசங்க இருக்கறாங்க?”

“ஆரும் இல்ல சார்! இவுக ரெண்டு பேர்தேன்!” வீரணன் குறுக்கே விழுந்தார்.

“முதலுதவிப் பெட்டி?”

“கேட் ரூம்ல இருக்கு சார்.”

“கம்பெனில இதுக்குப் பர்மிஷன் குடுத்திருக்கறாங்களா?”

வீரணன் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். இனி மறைத்துப் பயனில்லை.

“சார், கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. மேனேஜருக்குத் தெரியவே தெரியாது. எழுதுறதா இருந்தா எம் பேர எழுதுங்க. பித்துப் பிடிச்சது எனக்குத்தேன்.” சரிவின் உச்சியைக் கையால் காட்டினார். “காஷ்மீர்ல, குல்மார்க் மலைல மொத மொத எறங்குனப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. அதுவரைக்கும் எதுக்கெடுத்தாலும் பயந்து சாகுற பய நான். மேல நிக்கையில உசுரே போயிரும்போல இருந்துச்சு. கீழ வந்து சேந்தப்ப வேற ஆளா இருந்தேன் சார். பிள்ளைகளுக்குச் சொத்து சேத்து வைக்க நமக்கு வக்கில்ல. அந்த ஒண்ணையாச்சும் குடுத்துட்டுப் போவோம்னு பாத்தேன். என் வேல போனாப் போகுது. கம்பெனிய விட்டுருங்க. இன்னையோட நிறுத்திப்புடுறேன்.”

“நிறுத்தாதப்பா,” என்றாள் ஒச்சம்மாள். அழுகை வந்துவிட்டது. “நான் இனிமே ஒழுங்கா முட்டிய மடக்குறேன்ப்பா.”

வீரணனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் எழுந்தார். பேண்ட்டில் ஒட்டியிருந்த சோப்பு நுரையைத் தட்டிவிட்டார்.

“நிறுத்தறேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க,” என்றார் கடைசியில். “எம் பையன் நித்தீஷ் உங்க பாப்பா கூடத்தானுங்க ஒண்ணாவது படிக்கறான், இதுல சேத்துவுட்டாத்தான் சோறு திங்கறேன்னு மூணு நாளா ஒரே மொரண்டு. டூட்டிக்குப் போற வழில ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் எடுத்துட்டு வந்தனுங்க, அட்மிஷன் இருக்குதுங்களா?”