அணையாத மைக்

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். பக்கத்தில் ஆறிய காபியில் ஆடை படிந்திருக்கிறது. "யாராவது வாயைத் திறங்கப்பா, சுவரோட பேசற மாதிரி இருக்கு" என்கிறார் ஆன்லைன் வகுப்பெடுக்கும் கணக்கு டீச்சர். ஓரத்துக் கட்டத்தில் மட்டும் மைக் பச்சையாகிறது. சிறுமி விடை சொல்லும்போதே பின்னால் அவள் அப்பாவின் கத்தல், பாத்திரம் உருளும் ஓசை, அம்மாவின் விசும்பல். வகுப்பே கேட்கிறது. பிள்ளைக்குத் தலைகுனிவாகிவிடுமே என்று டீச்சர் அவளை மியூட் செய்கிறார். மைக் மறுபடி பச்சையாகிறது. மறுபடி அணைக்கிறார், மறுபடி பச்சை. டீச்சருக்கு மட்டும் ஒரு வரி வந்து விழுகிறது: "மியூட் பண்ணாதீங்க மிஸ். எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரிஞ்சா அப்பா அம்மாவை அடிக்க மாட்டார்." டீச்சர் மியூட் பொத்தானிலிருந்து கையை எடுக்கிறார். "எல்லாரும் மைக்கைப் போடுங்க, பதினேழாம் வாய்ப்பாடு, சத்தமா" என்கிறார். கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின்றன. அந்த வீட்டில் கத்தல் நிற்கிறது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வகுப்பு முடியும் நேரம்.