தலையணையும் தையல் மெஷினும்

சர்க்கரை நோய் ஃபிலோமினாவின் சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளுக்குப் படுக்கத்தான் தோன்றும். மற்ற நாட்களிலும் எழுந்திருக்க விடமாட்டார் கணவர் சூசை. அவளுடைய தையல் மெஷினைப் போர்வையால் மூடிவிட்டார்.

"இனி அவ எனக்குத்தான். ஓய்வெடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றது தலையணை.

"எடுக்கட்டும். ஆனா நீ ஏன் தினமும் நனைஞ்சு கிடக்கே?" என்று கேட்டது மெஷின்.

ஒருநாள் காலையில் ஃபிலோமினா எழுந்துபோய்ப் போர்வையை இழுத்தாள். சூசை பதறி ஓடிவந்தார்.

"உடம்பு தாங்குமா?"

"படுத்தே கிடக்கவாங்க ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்றேன்?"

அவளுக்குப் பார்வையும் மங்கியிருந்ததால், சூசையே ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தார். அவள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய் வந்து படுத்தாள்.

"பாதிதானே தைச்சா?" என்றது தலையணை.

"மீதி நாளைக்குன்னு சொல்லியிருக்கா" என்றது மெஷின்.

"மெதுவாப் பேசு" என்றது தலையணை. "தூங்கிட்டா."