எழுபத்திரண்டு இல்லை, நாற்பத்தெட்டு

குரங்கணி மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கிற வளைவில் கலீபுல்லாவின் ஜீப்பு நிற்கிறது. மழை விட்டு, ஏலச்செடிகளின் மேல் மங்கலான வெயில் விழுகிறது. அவர் ஒரு கையில் ஊசி போட்ட சான்றிதழ், மறுகையில் தேனியில் எடுத்த கொரோனா பரிசோதனை முடிவு. நாளை ராத்திரி துபாய்க்கு விமானம். அங்கிருந்து மகள் மிஸ்பா போனில் பேசுகிறாள். "அத்தா, ரூல மாத்திட்டாங்க. எழுபத்திரண்டு இல்லையாம். ஏறுறதுக்கு நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள எடுத்த டெஸ்ட்டுதான் செல்லுமாம்."

"தேனியில ரிசல்ட்டு வரவே ரெண்டு நாளாகுதேடி!" அவர் கத்துகிற சத்தத்தில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "ரெண்டு ஊசியும் போட்டாச்சு, மூக்கையும் குடைஞ்சாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம்?" மூன்று வருடம் கழித்து அத்தா அம்மாவோடு ஊர் சுற்ற மிஸ்பா வாங்கிய லீவு பத்தே நாள். கலீபுல்லா பரிசோதனைக் காகிதத்தைக் கசக்குகிறார். பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவி கமர்நிசா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கி, மடியில் வைத்து நீவுகிறாள். "மதுரையில அன்னைக்கே ரிசல்ட்டு தர்றாங்களாம். நம்ம மூக்குதான, இன்னொருவாட்டி குத்தட்டும். வண்டிய எடுங்க, வெரசா."

அவர் சாவியைத் திருகுகிறார். போனில் மிஸ்பா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.