கூரைக் கண்

எங்கள் குடியிருப்பில் எனக்குத் தெரியாமல் எந்த வீட்டிலும் குக்கர் விசில் அடிக்காது. எதிர்வீட்டு ரேணுகா பனியன் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கியதும், அவள் வீட்டுக்குள் கூரையில் அரசாங்கம் ஒரு கேமராக் கண்ணைப் பொருத்தியதும் எனக்குத்தான் முதலில் தெரியும்.

அவள் கணவர் சென்னியப்பனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. உதவித்தொகையில்தான் மருந்து. மனைவி இல்லாதபோது அவர் தானே சமாளித்தால், உதவி தேவையில்லை என்று கண் தொகையை நிறுத்திவிடும். வேறு யாராவது கைகொடுத்தால், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நிறுத்திவிடும்.

இன்று மத்தியானம் தொப்பென்று சத்தம். நான் சும்மா இருப்பேனா? ரசக் கரண்டியோடு ஓடினேன். மனிதர் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார். நெற்றியெல்லாம் ரத்தம்.

"உள்ள வராதீங்கக்கா!"

"ஐயோ, ரத்தம் கொட்டுதே தம்பி!"

"வாசப்படியத் தாண்டுனா எல்லாம் போச்சுங்க. ரேணு சாயங்காலம் வந்துருவா. அதுவரைக்கும் ஏதாச்சும் பேசிட்டிருங்க. கண்ணு சொருகுது."

கூரைக் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. வேடிக்கை பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாடிவீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போன கதையை வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"அப்புறம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது கொஞ்ச நேரமாக அவர் கேட்கவில்லை. நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.