சரிந்த தோள்

எலும்பும் தோலுமாய் ஓர் உருவத்தை அட்டையில் கீறி, தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான் ஸ்ரீதரன். ரொறன்ரோ விமான நிலையம். பயணிகள் வெளியே வரும் வாசல்.

"உனக்கு மூளை இருக்கோ?" என்றார் தில்லையம்பலம். துணைக்கு வந்த அயலவர். கையில் ஆறு பலூன். "சண்டை முடிஞ்சு, ஒரு வருசம் முகாமிலை கிடந்து காய்ஞ்சு வாறாள் உன்ரை மனிசி. அவளுக்கு உந்த எலும்புக்கூட்டைக் காட்டப் போறியோ?"

"எலும்புக்கூடு இல்லை அண்ணை. ஆள்."

"ஆளோ? முகம் எங்கை?"

"முகம் தேவையில்லை. நான் கூட்டித் துடைக்கிற ஓவியப் பள்ளிக்கூடத்திலை உப்பிடித்தான் கீறுவினம். நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவிலை தொடங்கினதாம். வடிவு பாக்கிறேல்லை. ஆள் நிக்கிற விதத்தைக் கோட்டிலை பிடிச்சால் போதும்."

தில்லையம்பலம் அண்ணாந்து பார்த்தார். ஏழெட்டுக் கோணல் கோடு. இடது தோள் சரிந்திருந்தது. வலது கை பிடரியைச் சொறிந்தது.

"உடுப்பும் இல்லை. சனம் பாக்குது. அவளின்ரை பேரை எழுதியிருக்கலாமே?"

"அவள் இவனைத்தான் தேடுவாள். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின என்னை."

தில்லையம்பலம் படத்தைப் பார்த்தார். ஸ்ரீதரனைப் பார்த்தார். மொட்டைத் தலை. பெல்ற்றுக்கு மேலால் வழியும் தொப்பை. சிரித்த சிரிப்பில் ஒரு பலூன் கைநழுவிக் கூரைக்குப் போனது.

"இப்பத்தைய படம் ஒண்டும் அனுப்பேல்லையோ?"

"வெக்கமாக் கிடந்தது. எல்லாக் கடிதத்துக்குள்ளையும் பழைய படத்தைத்தான் வைச்சனான்."

"கள்ளன்."

கதவு திறந்தது. மங்கையற்கரசி வந்தாள். கூட்டத்தைக் கண்ணால் துழாவினாள். அட்டை கண்ணில் பட்டதும் ஒரே ஓட்டம். முகமெல்லாம் பல்.

"அண்ணை, இவர் எங்கை? வரேல்லையோ?" என்று கேட்டாள், அட்டை பிடித்திருந்தவனிடம்.

மிச்சப் பலூன்களும் போயின.

ஸ்ரீதரனின் இடது தோள் சரிந்தது. வலது கை தன்பாட்டில் பிடரிக்குப் போனது.

அவள் படத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நிறுத்த முடியாமல்.

"பிழைதான்," என்றான் அவன். "பழைய படத்தை அனுப்பி உன்னை ஏமாத்திப்போட்டன்."

"நல்லா ஏமாத்தினியள். ஒவ்வொரு படத்திலையும் உந்த எலும்பைப் பார்த்திட்டு, மனுசன் அங்கை பட்டினி எண்டு நினைச்சன். உங்களுக்கு வயிறார ஒருபிடி கிடைக்கோணும் எண்டு வெள்ளிக்கு வெள்ளி விரதம். முகாமிலையும் விடேல்லை."

தொப்பையை மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

"விரதம் கொஞ்சம் கூடிப்போச்சுது போலை."